அரங்கினுள் ஓர் இடம்

நுழையும்முன்

கலையும் விளையாட்டும் மக்கள் கூடி மகிழ்வதற்கு உரியவை. அவ்வாறு கூடும் கூட்டத்தில் எல்லாருக்கும் இடமுண்டா என்னும் வினாவைச் சமூகம் நெடுங்காலம் எழுப்பவில்லை. மாற்றுத்திறனாளி ஒருவர் இசை நிகழ்ச்சிக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ நுழைவுச்சீட்டு வாங்க முற்படும்போது பல தடைகளை எதிர்கொள்கிறார். அத்தடைகள் எவை, அவற்றை நீக்கச் சட்டங்கள் கண்ட வழிகள் எவை என்பதை இப்பாடம் விளக்குகிறது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடுவதற்கு அமைத்த அரங்கை அளவுகளோடு வருணிக்கிறது. மூங்கிலால் அளவுகோல் செய்து, ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என அவ்வரங்கு எழுப்பப்பட்டது. உட்புகவும் வெளியேறவும் இரண்டு வாயில்கள் அமைந்தன. தூண்களின் நிழல் இடையூறு செய்யாதவாறு விளக்குகள் நிறுத்தப்பட்டன. ஆடுவோரைக் காண்போர் தெளிவாகக் காணவேண்டும் என்னும் அக்கறை இவ்வமைப்பில் புலப்படுகிறது.

மேடையை அளந்த அதே அக்கறையோடு, காண்போர் அமரும் இடத்தையும் அளக்க வேண்டும் என்னும் எண்ணம் இக்காலத்தில் வலுப்பெற்றுள்ளது. சக்கர நாற்காலியில் வருபவர் எந்த வாயில் வழியே நுழைவார்? எங்கே அமர்வார்? முன்வரிசையினர் எழுந்து நின்றால் அவருக்கு மேடை தெரியுமா? அவருடன் வந்த தங்கை எங்கே அமர்வாள்? இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, அவர் நுழைவுச்சீட்டை எவ்வாறு பெறுவார்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே அணுகத்தக்க இருக்கை என்னும் கருத்தின் நோக்கமாகும்.

நிகழ்ச்சிக்கு முன்னே ஒரு வாயில்

தடையின்றி நடமாடும் ஒருவருக்கு முன்பதிவு என்பது சில நிமிட வேலை. அவர் செயலியைத் திறக்கிறார், இருக்கை வரைபடத்தில் விருப்பமான இடத்தைத் தேர்கிறார், பணம் செலுத்துகிறார், சீட்டு கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. அரங்கின் வாயிலில் எத்தனை படிகள் உள்ளன என்று அவர் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவை அவருக்கு எழுவதும் இல்லை.

சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர் அந்த வினாவிலிருந்துதான் தொடங்குகிறார். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வாயில்வரை சமமான பாதை உண்டா? வாயிலில் சாய்தளம் உண்டா? அதன் சரிவு பிறர் துணையின்றி ஏறும் அளவிற்கு மென்மையானதா? மின்தூக்கி இயங்குகிறதா? சக்கர நாற்காலி நுழையும் அகலமுடைய கழிவறை அருகில் உள்ளதா? தம் நாற்காலியிலேயே இருந்து பார்க்கலாமா, அல்லது இறங்கி வேறு இருக்கைக்கு மாறவேண்டுமா? உடன் வருபவர் பக்கத்தில் அமர இயலுமா? இவ்வளவுக்கும் விடை தெரிந்த பின்னரே அவரால் மனத்தெளிவுடன் பணம் செலுத்த முடியும். இவற்றுள் ஒன்று தவறினாலும் வாங்கிய சீட்டு வெறும் தாளாகிவிடும்.

இவ்வினாக்களுக்கு விடை தராத முன்பதிவுத் தளங்கள் உண்டு. இருக்கை வரைபடத்தில் சக்கர நாற்காலிக்குரிய இடங்கள் குறிக்கப்படுவதில்லை. மாற்றுத்திறனாளிகள் தொலைபேசியில் தொடர்புகொள்ள வேண்டும் என்னும் ஒற்றை வரி மட்டும் ஓரத்தில் இருக்கும். அந்தத் தொலைபேசி அலுவலக நேரத்தில் மட்டுமே இயங்கும். புகழ்பெற்ற கலைஞரின் நிகழ்ச்சியாயின், விற்பனை தொடங்கிய சிறிது நேரத்திலேயே சீட்டுகள் தீர்ந்துவிடக்கூடும். பிறர் இணையத்தில் நொடிப்பொழுதில் வாங்கிச் செல்ல, மாற்றுத்திறனாளி மட்டும் தொலைபேசி மணி ஒலிப்பதைக் கேட்டுக் காத்திருக்க நேரிடும். செவித்திறன் குறைந்தவருக்கோ அந்தத் தொலைபேசியே ஒரு தடை.

இத்தகைய சூழலில் அரங்கத்தினுள் சாய்தளமும் தனியிடமும் இருந்தும் பயனில்லை. பதிவு செய்ய இயலாத இருக்கை ஏட்டுச் சுரைக்காய் போன்றது. ஆகவே, ஓர் அரங்கம் அனைவர்க்கும் உரியதாவது அதன் கட்டடத்தால் மட்டும் அமைவதன்று. சீட்டு விற்கும் முறையும் அதற்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும்.

இந்நிலையை மாற்றச் சட்டத்தின் துணையை நாடிய நாடுகளுள் அமெரிக்கா குறிப்பிடத்தக்கது. கட்டடத்தில் தொடங்கி, இருக்கையைக் கடந்து, நுழைவுச்சீட்டு விற்பனைவரை அந்நாட்டின் விதிகள் படிப்படியாக விரிந்தன. அவ்வளர்ச்சியை அறிந்தால் சிக்கலின் முழுவடிவம் விளங்கும்.

படிகளில் எழுந்த கோரிக்கை

1990ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், வாஷிங்டன் நகரில் உள்ள நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் மாற்றுத்திறனாளிகள் திரண்டனர். தங்கள் உரிமைக்கான சட்ட முன்வரைவு நிறைவேறாமல் காலம் கடத்தப்படுவதை எதிர்த்தே அவர்கள் கூடினர். அவர்களுள் அறுபதுக்கும் மேற்பட்டோர் தம் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, கட்டடத்தின் படிகளில் கைகளால் ஊன்றித் தவழ்ந்து ஏறினர். பெருமூளை வாதத்தால் பாதிக்கப்பட்ட ஜெனிபர் கீலன் என்னும் எட்டு வயதுச் சிறுமியும் அவர்களோடு ஏறினாள். மக்களாட்சியின் உயர்ந்த அவைக்குச் செல்லும் வழியே மக்களுள் ஒரு பிரிவினருக்கு அடைபட்டிருப்பதை அந்தக் காட்சி நாட்டுக்கு உணர்த்தியது.

அதே ஆண்டு ஜூலை 26ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கையொப்பமிட்டார். வேலைவாய்ப்பு, போக்குவரத்து, அரசுச் சேவைகள் ஆகியவற்றோடு, பொதுமக்கள் வந்துசெல்லும் தனியார் இடங்களையும் இச்சட்டம் தன் எல்லைக்குள் கொண்டுவந்தது. திரையரங்கு, நாடக அரங்கு, இசையரங்கு, விளையாட்டரங்கு ஆகியவை அவற்றுள் வெளிப்படையாகவே பெயர் சுட்டப்பட்டன. கேளிக்கை என்பது இன்றியமையாத் தேவையன்று எனக் கருதி அதனைச் சட்டம் ஒதுக்கிவிடவில்லை. நண்பர்களோடு ஒரு போட்டியைக் காண்பதும், குடும்பத்தோடு ஒரு பாடலைக் கேட்பதும் சமூக வாழ்வின் பகுதி என அது ஏற்றுக்கொண்டது.

எழுந்து நிற்கும் கூட்டமும் மறையும் ஆடுகளமும்

சட்டம் வந்ததும் எல்லாச் சிக்கல்களும் தீர்ந்துவிடவில்லை. அரங்கினுள் இடம் கிடைத்தபின், அங்கிருந்து பார்க்க முடிகிறதா என்னும் அடுத்த வினா எழுந்தது. விளையாட்டுப் போட்டியின் விறுவிறுப்பான கணத்தில் கூட்டம் முழுவதும் எழுந்து நிற்கும். சக்கர நாற்காலியில் இருப்பவரால் எழ இயலாது. முன்னிருப்போரின் முதுகுகளே அப்போது அவர் கண்முன் இருக்கும். ஆட்டத்தின் முடிவை அவர் கூட்டத்தின் ஆரவாரத்தைக் கொண்டு ஊகித்தறிய வேண்டும்.

வாஷிங்டன் நகரில் புதிய உள்விளையாட்டரங்கு ஒன்று எழுந்தபோது இச்சிக்கல் நீதிமன்றத்தை எட்டியது. முதுகுத்தண்டு பாதிப்பால் நடக்க இயலாத முன்னாள் படைவீரர்களின் அமைப்பு ஒன்று இவ்வழக்கைத் தொடுத்தது. முன்னிருப்போர் எழுந்து நின்றாலும் ஆடுகளம் தெரியுமாறு சக்கர நாற்காலி இடங்கள் அமையவேண்டும் என்பது அவர்களது வேண்டுகோள். 1997ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்கோரிக்கைக்குச் சார்பாக அமைந்த தீர்ப்பை உறுதிப்படுத்தியது. பின்னர் வந்த 2010ஆம் ஆண்டின் கட்டட வரையறைகளில் இக்கருத்து விதியாகவே எழுதப்பட்டது. பார்வையாளர்கள் எழுந்து நிற்கும் இயல்புடைய அரங்குகளில், நிற்போரைக் கடந்தும் காட்சி தெரியுமாறு சக்கர நாற்காலி இடங்கள் உயர்த்தப்பட்டிருத்தல் வேண்டும். தூண் நிழல் காட்சியை மறைத்தலாகாது என்று கருதிய பழந்தமிழ் அரங்கக் கலையின் நுண்ணுணர்வை இவ்விதியோடு ஒப்பிட்டு நோக்கலாம்.

எத்தனை இடங்கள்? எங்கே?

ஓர் அரங்கில் சக்கர நாற்காலிக்கென எத்தனை இடங்கள் ஒதுக்கவேண்டும் என்பதையும் அவ்வரையறைகள் எண்களாலேயே கூறுகின்றன. 300 இருக்கைகள் கொண்ட அரங்கில் 5 இடங்கள் வேண்டும். 500 இருக்கைகள் எனில் 6 இடங்கள் வேண்டும். அதற்கு மேல் 5,000 இருக்கைகள்வரை, ஒவ்வொரு 150 இருக்கைக்கும் அதன் பகுதிக்கும் ஓர் இடம் கூடும். இக்கணக்கின்படி 1,000 இருக்கைகள் உள்ள அரங்கில் 10 இடங்களும், 5,000 இருக்கைகள் உள்ள அரங்கில் 36 இடங்களும் இருத்தல் வேண்டும். அதனினும் பெரிய அரங்குகளில் ஒவ்வொரு 200 இருக்கைக்கும் அதன் பகுதிக்கும் ஓர் இடம் கூடுகிறது. 10,000 பேர் அமரும் விளையாட்டரங்கில் குறைந்தது 61 இடங்கள் தேவை.

எண்ணிக்கையைப் போலவே இடத்தின் அமைவும் முதன்மையானது. எல்லாச் சக்கர நாற்காலிகளையும் கடைசி வரிசைக்குப் பின்னே ஒரே மூலையில் நிறுத்திவிட்டுக் கணக்கை நிறைவு செய்துவிட முடியாது. அவ்விடங்கள் அரங்கின் பல பகுதிகளிலும் பரவியிருத்தல் வேண்டும். பிறருக்குக் கிடைக்கும் கோணங்களுக்கும் தொலைவுகளுக்கும் நிகரான தெரிவு மாற்றுத்திறனாளிக்கும் கிடைக்க வேண்டும்.

ஒவ்வொரு சக்கர நாற்காலி இடத்துக்கும் பக்கத்தில் துணையாளருக்குரிய இருக்கை ஒன்றேனும் அமைதல் வேண்டும். துணையாளர் இருக்கை முன்னோ பின்னோ விலகி நில்லாமல், இருவர் தோள்களும் ஒரே வரிசையில் இருக்குமாறு அமையவேண்டும் என அவ்வரையறை குறிப்பிடுகிறது. கட்டடப் பொறியாளருக்கு அது ஓர் அளவு. அங்கு அமரும் இருவருக்கோ, பேசிச் சிரித்து நிகழ்ச்சியைக் காண்பதற்கான வாய்ப்பு. தோளோடு தோள் சேர்ந்திருத்தல் என்னும் தமிழ் வழக்கின் பொருள் அங்குக் கண்கூடாகிறது.

தெரியுமா?

அணுகத்தக்க இருக்கை என்பது சக்கர நாற்காலி நிற்கும் வெற்றிடத்தை மட்டும் குறிப்பதன்று. கால்களை மடக்க இயலாதவர், ஊன்றுகோலுடன் நடப்பவர் ஆகியோருக்கு நடைபாதையை ஒட்டிய இருக்கைகள் உதவுகின்றன. அவ்விருக்கைகளின் நடைபாதைப் பக்கக் கைப்பிடியை மடக்கவோ நீக்கவோ இயலும். ஆதலால், பக்கவாட்டில் இருந்தே எளிதாக அமரலாம்.

நுழைவுச்சீட்டுக்கும் ஒரு விதி

கட்டடம் சீரானபோதும் சீட்டு விற்பனை பழைய முறையிலேயே நீடித்தது. இணையத்தில் அணுகத்தக்க இருக்கைகள் விற்பனைக்குக் காட்டப்படாத நிலை தொடர்ந்தது. இதனை உணர்ந்த அமெரிக்க நீதித் துறை, 2010ஆம் ஆண்டில் நுழைவுச்சீட்டு விற்பனைக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. அவை 2011ஆம் ஆண்டு மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் அடிப்படைக் கருத்து எளிமையானது: பிறர் எவ்வாறு சீட்டு வாங்குகின்றனரோ, அவ்வாறே மாற்றுத்திறனாளியும் வாங்க இயலவேண்டும்.

இக்கருத்திலிருந்து பல விதிகள் பிறந்தன. பொது விற்பனை நடைபெறும் அதே நேரத்தில் அணுகத்தக்க இருக்கைகளும் விற்கப்பட வேண்டும். முன்விற்பனை, குலுக்கல், காத்திருப்போர் பட்டியல் என எந்தக் கட்டம் பிறருக்கு உண்டோ, அது மாற்றுத்திறனாளிக்கும் உண்டு. இணையம், தொலைபேசி, நேரடிச் சாளரம் என எத்தனை வழிகள் உள்ளனவோ, அத்தனையும் அவருக்குத் திறந்திருத்தல் வேண்டும்.

அரங்கின் வரைபடம் பொதுமக்களுக்கு வழங்கப்படுமாயின், அணுகத்தக்க இடங்களும் அதே விரிவோடு அதில் குறிக்கப்பட வேண்டும். இருக்கையின் தன்மை குறித்து வாங்குபவர் தாமே முடிவெடுக்கும் அளவிற்கு விவரங்கள் அளிக்கப்பட வேண்டும்.

விலையிலும் வேறுபாடு கூடாது. அதே பகுதியில் உள்ள பிற இருக்கைகளைவிட அணுகத்தக்க இருக்கைக்குக் கூடுதல் விலை பெறுதல் தவறு. குறைந்த விலைப் பகுதி படிகளால் அமைந்து, அங்குச் சக்கர நாற்காலிக்கு இடமே இல்லாதிருக்கலாம். அத்தகைய சூழலில், வேறு பகுதியில் உள்ள அணுகத்தக்க இருக்கைகளுள் உரிய பங்கினை அந்தக் குறைந்த விலைக்கே தரவேண்டும். கட்டடத்தின் குறைபாட்டுக்குரிய விலையை மாற்றுத்திறனாளியின் பையிலிருந்து பெறுதல் முறையன்று என்பதே இவ்விதியின் உட்பொருள்.

உடன் வருவோரைப் பற்றியும் விதி பேசுகிறது. அணுகத்தக்க இருக்கை ஒன்றை வாங்குபவர், அதே வரிசையில் அதனை அடுத்து மேலும் மூன்று இருக்கைகள்வரை வாங்கலாம். அடுத்தடுத்து இடம் இல்லையெனில், இயன்றவரை அருகில் உள்ள இருக்கைகளைத் தருதல் வேண்டும். தாயும் தந்தையும் தம்பியும் ஒரு பக்கம் அமர, மாற்றுத்திறனாளியான மூத்த மகள் தனியே வேறொரு மூலையில் அமரும் நிலை இதனால் தவிர்க்கப்படுகிறது. மாற்றுத்திறனாளி என்றால் அவருடன் ஒரு பணிவிடையாளர் மட்டுமே வருவார் என்னும் எண்ணத்தையும் இவ்விதி விலக்குகிறது. அவருக்கும் குடும்பம் உண்டு. நண்பர் குழு உண்டு.

ஐயமும் நம்பிக்கையும்

இத்தகைய விதிகள் உருவாகும்போது அரங்க உரிமையாளர் தரப்பில் இரண்டு நியாயமான ஐயங்கள் எழுவதுண்டு. ஒதுக்கிய இடங்கள் விற்காமல் வெறுமையாகக் கிடந்தால் இழப்பு யாருக்கு என்பது ஒன்று. நல்ல இடத்தைப் பெறும் ஆசையால், தேவையற்றோர் அவற்றை வாங்கிவிட்டால் என்ன செய்வது என்பது மற்றொன்று. உரிமையை நிலைநாட்டும் சட்டம் இவ்விரண்டுக்கும் விடை கூற வேண்டியிருந்தது.

விற்காத அணுகத்தக்க இருக்கைகளைப் பொது விற்பனைக்கு விடுவிக்கலாம் என்பது முதல் ஐயத்துக்கான விடை. ஆயினும், அதற்கு வரம்பு உண்டு. அரங்கின் பிற இருக்கைகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்த பின்னரோ, குறிப்பிட்ட பகுதியின் அல்லது விலைப் பிரிவின் இருக்கைகள் தீர்ந்த பின்னரோ மட்டும் அதற்குரிய இடங்களை விடுவிக்கலாம். பிற இருக்கைகள் எஞ்சியிருக்கும்போதே அணுகத்தக்க இடங்களை விற்றுவிடக் கூடாது.

இரண்டாம் ஐயத்துக்கான விடை, மாற்றுத்திறனாளியின் மதிப்பைக் காக்கும் முறையில் அமைந்தது. சீட்டு வாங்குபவரிடம் மருத்துவச் சான்றிதழோ வேறு ஆவணமோ கேட்கக் கூடாது. இந்த இருக்கை இதன் வசதிகள் தேவைப்படும் ஒருவருக்கு உரியதா என வினவலாம். ஒரு தொடர் முழுவதற்கும் சீட்டு வாங்குபவரிடம் அதனை எழுத்தில் உறுதியளிக்கக் கேட்கலாம். மோசடி நடந்ததாக நம்புவதற்குத் தக்க காரணம் இருப்பின் விசாரிக்கவும் செய்யலாம். நம்பிக்கையை முதலிலும் விசாரணையைப் பின்னும் வைத்த வரிசைமுறை இங்குக் கருதத்தக்கது. ஒரு பாடல் நிகழ்ச்சியைக் காண்பதற்குத் தம் உடற்குறையை ஒவ்வொரு முறையும் மெய்ப்பிக்க வேண்டிய நிலை எவருக்கும் மகிழ்ச்சி தருவதன்று.

பிறரிடமிருந்து கைமாறிய சீட்டுக்கும் வழி கூறப்பட்டுள்ளது. நண்பர் பரிசாக அளித்த சீட்டு படிகள் நிறைந்த பகுதிக்கு உரியதாக இருக்கலாம். அதனைப் பெற்ற மாற்றுத்திறனாளி அரங்கிற்கு வரும்போது அணுகத்தக்க இடம் காலியாக இருப்பின், அதற்கு மாற்றித் தருதல் வேண்டும்.

காட்சியும் ஒலியும் எல்லார்க்கும்

அணுகத்தக்க இருக்கை என்றவுடன் சக்கர நாற்காலியே பலர் நினைவுக்கு வருகிறது. தேவைகளோ பலவகை. செவித்திறன் இழந்தவருக்குச் சைகைமொழிபெயர்ப்பாளர் தெளிவாகத் தெரியும் இடம் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் மேடையின் எந்தப் பக்கம் நிற்பார் என்பது முன்பதிவின்போதே தெரிந்திருந்தால்தான் அவர் சரியான இருக்கையைத் தேர்ந்தெடுக்க இயலும். செவித்துணைக் கருவி அணிந்தோருக்காகத் தரையடியில் கம்பிச்சுருள் பதித்த அரங்குகள் உண்டு. மேடையின் ஒலி, கூட்டத்தின் இரைச்சல் கலவாமல் அச்சுருள் வழியே அவர்களது கருவியை நேரே அடையும். அந்த ஏற்பாடு அரங்கின் ஒரு பகுதியில் மட்டும் இருக்குமாயின், அப்பகுதி எது என்பது சீட்டு வாங்குமுன் தெரியவேண்டும்.

பார்வைத்திறன் இழந்தவருக்கு, மேடையில் நிகழும் அசைவுகளைச் சொற்களால் உரைக்கும் ஒலி விவரிப்பு துணைபுரிகிறது. புற உலக மதியிறுக்கம் உடையோருக்குத் திடீரென எழும் பேரொலியும் கண்கூசும் ஒளியும் துன்பம் தரக்கூடும். அவர்களுக்காக ஒலியையும் ஒளியையும் தணித்து, இடையில் எழுந்து வெளியே சென்று திரும்பவும் இசைவளிக்கும் தனிக்காட்சிகளை இங்கிலாந்தின் நாடக அரங்குகள் சில நடத்துகின்றன.

இணையவழி முன்பதிவிலும் இவ்வேறுபாடுகளைக் கருதுதல் வேண்டும். பார்வையற்றோர் திரைவாசிப்பு மென்பொருளின் துணையால் இணையத்தைப் பயன்படுத்துகின்றனர். இருக்கைகளை வண்ணக் கட்டங்களாக மட்டும் காட்டும் வரைபடத்தை அம்மென்பொருளால் படிக்க இயலாது. வரிசை எண், இருக்கை எண், விலை ஆகியவை எழுத்தாகவும் இருந்தால் அவர்கள் பிறர் உதவியின்றித் தாமே சீட்டு வாங்குவர்.

இந்தியச் சட்டம் கூறுவன

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் ஏற்கப்பட்டது. பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் பிறரோடு சமமாகப் பங்கேற்கும் உரிமையை அதன் 30ஆம் உறுப்பு கூறுகிறது. இந்தியா 2007ஆம் ஆண்டில் இவ்வுடன்படிக்கையை உறுதிசெய்தது. அதற்கு இசைய உருவானதே 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 21 வகைக் குறைபாடுகளை இச்சட்டம் ஏற்றுக்கொள்கிறது.

இச்சட்டத்தின் 29ஆம் பிரிவு பண்பாடும் பொழுதுபோக்கும் பற்றியது. 30ஆம் பிரிவு விளையாட்டு பற்றியது. 46ஆம் பிரிவோ அரசு, தனியார் என்னும் வேறுபாடின்றிச் சேவை வழங்குவோர் அனைவரும் அணுகல் விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்கிறது. நுழைவுச்சீட்டு விற்பதும் ஒரு சேவையே என்பதை நோக்கும்போது, இப்பிரிவின் பயன் விளங்கும்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. அணுகல் தொடர்பான விதி வெறும் பரிந்துரைகளாக அமைந்திருப்பது சட்டத்தின் நோக்கத்துக்கு மாறானது எனக் கூறி, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதிகளை வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் வழங்கிய மற்றொரு தீர்ப்பில், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமையை அரசமைப்பின் 21ஆம் உறுப்பு அளிக்கும் வாழ்வுரிமையின் பகுதியாக அந்நீதிமன்றம் ஏற்றது. இணையவழியில் அடையாளம் சரிபார்க்கும்போது மாற்றுத்திறனாளிகள் அடைந்த இன்னலைப் பற்றியது அவ்வழக்கு. ஆயினும், இணையமே வாயிலாகிவிட்ட எல்லாச் சேவைகளுக்கும் அதன் கருத்து பொருந்தும்.

தெரியுமா?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். அவர்களுள் ஏறத்தாழ 11.8 இலட்சம் பேர் தமிழ்நாட்டில் வாழ்பவர்கள்.

காணாமற்போன பார்வையாளர்

மாற்றுத்திறனாளிகள் நிகழ்ச்சிகளுக்கு வருவதே அரிது. வராதவர்களுக்காக ஏன் இடம் ஒதுக்க வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. காரணத்தையும் விளைவையும் இடம்மாற்றிக் கொள்வதால் எழும் வினா இது. வாயிலில் படிகள் இருப்பதால் அவர்கள் வருவதில்லை. அவர்கள் வராததால் படிகளை மாற்றும் தேவை பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இச்சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். முன்பதிவுப் பக்கத்தில் அணுகத்தக்க இருக்கையை வெளிப்படையாகக் காட்டுவது அதற்குரிய எளிய தொடக்கம். இடம் உண்டு என்னும் செய்தி கிடைத்தால்தான் வருவதற்கான எண்ணம் பிறக்கும்.

இதற்குப் பேரரங்குகள்தாம் வேண்டும் என்பதில்லை. பள்ளி ஆண்டு விழாவிலும் ஊர்த் திருவிழாக் கலைநிகழ்ச்சியிலும் இதே நெறியைப் பின்பற்றலாம். அழைப்பிதழில் சாய்தளம் உள்ள வாயிலைக் குறிப்பிடலாம். வருவோரின் தேவையை முன்னரே கேட்டறியலாம். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே, பார்வை மறையாத இடத்தில் இரண்டு நாற்காலிகளை எடுத்துவிட்டு வெற்றிடம் அமைக்கலாம். உடன் வருவோர் பக்கத்திலேயே அமர வழிசெய்யலாம். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. நிகழ்ச்சிக்கு முந்தைய நாளில் எண்ணிப் பார்த்தால் போதும்.

அவ்வாறு அமைத்த வெற்றிடத்தில் ஒரு மாணவியின் சக்கர நாற்காலி வந்து நிற்கும்போது, அவள் பக்கத்தில் அவளுடைய தோழியர் அமர்வர். மேடையில் பாடல் தொடங்கும், எல்லாரும் கைதட்டுவர். யார் எவ்வாறு உள்ளே வந்தார் என்பது அப்போது எவருடைய நினைவிலும் இராது. விதிகளும் அளவுகளும் தீர்ப்புகளும் முயல்வது அந்த இயல்பான பொழுதை எல்லார்க்கும் உரியதாக்குவதற்கே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி அரங்கிற்கோ அருகிலுள்ள திரையரங்கிற்கோ சென்று, வாயிலிலிருந்து இருக்கைவரை சக்கர நாற்காலியில் செல்வதற்குத் தடையாக உள்ளவற்றைப் பட்டியலிடுக.

2. உங்கள் பள்ளி ஆண்டு விழாவிற்கு வரும் மாற்றுத்திறனாளிகளின் தேவைகளை முன்னரே கேட்டறிவதற்குரிய அழைப்பிதழ்க் குறிப்பு ஒன்றை எழுதுக.

3. 'அணுகத்தக்க இருக்கைக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்பது சரியா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

4. அரங்கேற்று காதை கூறும் அரங்க அமைப்பையும் இக்கால அரங்குகளின் அணுகல் வரையறைகளையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.